காலாகாலத்தில் நடக்காதவை: குயர் காலக் கோட்பாடு ஊர்விட்டு ஊர் போனது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு மொட்டைமாடியில் கூடிப் படிக்கிறோம். குயர் கோட்பாடு என்பது தன்பால் ஈர்ப்பு, மாற்றுப் பாலினம் என்று வழக்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட வாழ்க்கைகளிலிருந்து உலகைப் பார்க்கும் சிந்தனை. அதில் காலத்தைப் பற்றி எழுதப்பட்டவைதான் இரண்டு வருடமாக எங்கள் பாடம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதிகம் கேட்கப்படுவது, 'அமெரிக்காவில் எழுதியது இங்கே எதற்கு?' என்பது. நல்ல கேள்வி, ஆனால் பதில் ஒரு வரியில் அடங்காது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

காலத்தைப் பற்றிய குயர் கோட்பாடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

வீட்டில் "காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கோ" என்கிறார்கள். அந்தக் 'காலாகாலம்' எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று கேட்பதுதான் இந்தக் கோட்பாடு. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை, வீடு, பேரன் பேத்தி, கடைசியில் சொத்துப் பிரிப்பு. இந்த வரிசையில் ஒழுங்காக நகர்கிறவருக்கு அப்படி ஒரு வரிசை இருப்பதே தெரியாது. நகர முடியாதவருக்கு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது 'அடுத்தது உனக்குத்தான்' என்று சொல்லும்போது நெஞ்சில் இடிக்கும். தன்பால் ஈர்ப்பு கொண்டவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என்று இந்த வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வாழ்க்கையிலிருந்து காலத்தைப் பார்த்தால் அது எப்படித் தெரியும்? அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் ஃப்ரீமன் 2010இல் வெளிவந்த நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். மனித உடம்புகளிடமிருந்து அதிகபட்ச உழைப்பைப் பெறுகிற விதத்தில் காலம் ஒழுங்குபடுத்தப்படுகிறது, நாளடைவில் அந்த ஒழுங்கே இயற்கை என்று உடம்புக்குள் இறங்கிவிடுகிறது என்றார். பள்ளிக்கூட மணியும் ஆலைச் சங்கும் நாட்காட்டியும் செய்கிற வேலை அது. அவர் ஆங்கிலத்தில் உண்டாக்கிய சொல் நம் நாக்கில் புரளாது. அதைத் தமிழாக்க எங்களுக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. 'கால ஒழுங்கு', 'நேர நியமம்' என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தோம், எதுவும் ஒட்டவில்லை. மாடியில் காயவைத்த வடாமை எடுக்க வந்த கீழ்வீட்டுப் பாட்டி, எங்களில் ஒரு பெண்ணைப் பார்த்து அந்தக் 'காலாகாலத்துல' வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சொல் கிடைத்துவிட்டது. 'காலாகால நெறி' என்றே அன்றிலிருந்து சொல்கிறோம்.

ஃப்ரீமன் தவிர இன்னும் சிலரும் முக்கியம். கல்யாணமும் வாரிசும் இல்லாத வாழ்க்கையில் இளமை எப்போது முடிகிறது, முதிர்ச்சி எப்போது தொடங்குகிறது என்று ஜாக் ஹால்பர்ஸ்டாம் 2005இல் கேட்டார். இடைக்கால இலக்கிய ஆய்வாளரான கேரலின் டின்ஷா, பல நூறு வருடம் முந்தைய மனிதர்களை இன்றைய வாசகர் 'தொட' முடியும் என்று 1999லேயே எழுதியிருந்தார். கடந்த காலத்தின் அவமானத்தையும் இழப்பையும் விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஹெதர் லவ் 2007இல் வாதிட்டார். எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

இது எப்போது, ஏன் தொடங்கியது?

எய்ட்ஸை விட்டுவிட்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதல் அறிக்கையை வெளியிட்டது. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வரும்வரை, பெருநகரங்களில் வாழ்ந்த தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் முப்பது வயதில் நண்பர்களை வரிசையாக அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். 'இன்னும் இருபது வருஷம் கழித்து' என்று பேச முடியாதவர்களுக்கு 'இன்று' என்பதன் எடை வேறு. ஹால்பர்ஸ்டாம் தன் நூலில் இங்கிருந்துதான் புறப்படுகிறார்.

2005 டிசம்பரில் வாஷிங்டனில் அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் மாநாட்டில் நடந்த ஓர் அமர்வில் எதிர்காலம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் வெளிப்படையாக வெடித்தது. அடுத்த ஆண்டு அது சங்கத்தின் இதழில் அச்சானது. 2007இல் ஜிஎல்க்யூ என்ற ஆய்விதழ் காலத்துக்கென்றே ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது, தொகுத்தவர் ஃப்ரீமன். அதில் ஒன்பது பேர் மின்னஞ்சல் வழியாகப் பேசிக்கொண்ட உரையாடல் ஒன்று இருக்கிறது. துறையின் பிறப்புச் சான்றிதழ் போல இன்று அதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள்.

குழந்தைகளே வேண்டாம், எதிர்காலமே வேண்டாம் என்கிறார்களாமே?

அது லீ எடல்மன். 2004இல் வந்த அவருடைய நூல்தான் இந்தத் துறையிலேயே அதிகம் திட்டு வாங்கியது. உண்மையான குழந்தைகளைப் பற்றி அவர் பேசவில்லை. 'நம் குழந்தைகளுக்காக' என்று சொன்ன உடனே அரசியலில் எல்லா வாதமும் நின்றுவிடுகிறதே, அந்தக் கற்பனைக் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு கூட்டம் எப்போதும் ஆபத்தானவர்களாகச் சித்திரிக்கப்படுகிறது. சரி, அந்தப் பழியை மறுத்துக்கொண்டே இருக்காமல் ஏற்றுக்கொண்டால் என்ன என்று கேட்கிறார்.

இதற்கு ஹோசே எஸ்தேபான் முன்யோஸ் 2009இல் சொன்ன பதில் என்னை இன்றும் அசைக்கிறது. முன்யோஸ் 1967இல் ஹவானாவில் பிறந்தவர், நியூயார்க்கில் பாடம் நடத்தியவர், 2013 டிசம்பரில் இளம் வயதிலேயே இறந்துபோனார். எதிர்காலத்தைத் தூக்கி எறிவது யாருக்கு எளிது என்று அவர் கேட்டார். வெள்ளையரல்லாத குழந்தைகளுக்கு எதிர்காலம் என்று ஒன்று உறுதியாக எப்போது கொடுக்கப்பட்டது? அவரைப் பொறுத்தவரை குயர் என்பது இன்னும் வந்துசேராத ஒன்று, தொடுவானத்தில் வெளிச்சமாகத் தெரிவது.

இந்த இருவருக்கும் முன்பே சிலியில் பெத்ரோ லெமேபெல் 1986இல் ஒரு கவிதை அறிக்கையைப் படித்திருந்தார். சர்வாதிகாரி பினோசெட்டின் ஆட்சி நடந்துகொண்டிருந்த நேரம். சாந்தியாகோவில் இடதுசாரிகள் கூட்டத்துக்கு உயர்குதிச் செருப்பு போட்டு, முகத்தில் அரிவாள் சுத்தியல் தீட்டிக்கொண்டு வந்து நின்றார். சிறகு ஒடிந்து பிறக்கப்போகிற எத்தனையோ குழந்தைகள் பறக்க வேண்டும், புரட்சியில் அவர்களுக்கு ஒரு துண்டு வானம் வேண்டும் என்று தோழர்களிடம் கேட்டார். குயர் அரசியலில் குழந்தைக்கும் எதிர்காலத்துக்கும் என்ன இடம் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வாதாடத் தொடங்குவதற்கு இருபது வருடம் முன்பு நடந்தது இது. 'கோட்பாடு' என்ற பலகை அதன்மேல் மாட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆக, இது அமெரிக்காவில் விளைந்து மற்ற நாடுகளுக்கு ஏற்றுமதியான சரக்குதானே?

கடைசியாக முத்திரை குத்தப்பட்ட இடம் அமெரிக்கா. நூல் எங்கே நூற்கப்பட்டது என்று பார்த்தால் கதை மாறுகிறது.

எடல்மனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மையக் கருத்து பாரிசில் உளப்பகுப்பாய்வாளர் லக்கான் 1975–76இல் நடத்திய கருத்தரங்கிலிருந்து எடுத்தது. வாரிசை உண்டாக்காத ஆசை ஏன் சமூகத்தை இவ்வளவு பயமுறுத்துகிறது என்ற கேள்வியை கி ஓக்கங்கெம் என்ற பிரெஞ்சுக்காரர் 1972இலேயே எழுதிவிட்டார். அந்த நூல் 1978இல் ஆங்கிலத்துக்கு வந்தது. அவர் 1988இல் எய்ட்ஸால் இறந்தார். பாரிசில் கிளம்பிய சிந்தனை பாஸ்டன் பக்கம் போய் எடல்மனின் நூலாகி, 2016இல் பிரெஞ்சில் மறுபடி வந்தபோது அதை வெளியிட்டது ஒரு லக்கானியப் பள்ளியின் பதிப்பகம். சொந்த ஊருக்கு வெளிநாட்டு விருந்தாளியாக வந்தது போல.

முன்யோஸின் வழி இன்னும் சுற்று. அவர் சாய்ந்திருக்கும் தூண் எர்ன்ஸ்ட் ப்ளோக், நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன ஜெர்மன் யூதத் தத்துவவாதி. நம்பிக்கையைப் பற்றிய தன் பெரிய நூலை ப்ளோக் 1938க்கும் 1947க்கும் இடையில் அமெரிக்காவில் உட்கார்ந்து ஜெர்மனில் எழுதினார். 1950களில் அது கிழக்கு ஜெர்மனியில் அச்சானது. முழுமையாக ஆங்கிலத்துக்கு வந்தது 1986இல். கியூபாவில் பிறந்த ஒருவர் நியூயார்க்கில் அதை எடுத்துத் தன் 'இன்னும் வராதது' என்ற கருத்தைக் கட்டினார். 2020இல் புவெனஸ் ஐரிசில் அந்த நூல் ஸ்பானிய மொழியில் வந்தது, அதாவது முன்யோஸின் தாய்மொழியில்.

அப்புறம் கல்கத்தா. டின்ஷா காலத்தைப் பற்றி எழுதும்போது வரலாற்றாளர் தீபேஷ் சக்ரபர்த்தியிடம் கடன் வாங்குகிறார். 'நீங்கள் இன்னும் தயாராகவில்லை, காத்திருங்கள்' என்று காலனி நாடுகளை வரலாற்றின் காத்திருப்பு அறையில் உட்காரவைத்த ஐரோப்பியச் சிந்தனையைச் சக்ரபர்த்தி 2000இல் விமர்சித்தார். ரணஜித் குஹா 1982இல் தொடங்கிய விளிம்புநிலை வரலாற்றுத் தொகுதிகளின் வரிசையில் வளர்ந்தவர் அவர். வங்காளத்து உழவர்களின், ஆலைத் தொழிலாளர்களின் காலத்தைப் பற்றி யோசித்ததில் கிடைத்த கருவி, இடைக்கால ஆங்கில இலக்கியத்தைக் குயர் கண்ணால் படிக்க உதவியது. இங்கே யார் ஏற்றுமதி, யார் இறக்குமதி?

இது நாட்டுக்கு நாடு எப்படிப் போனது? யார் கொண்டுபோனார்கள்?

இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத் 1980களின் தொடக்கத்தில் எழுதியது ஒன்று உண்டு. கோட்பாடு பிறந்த இடத்தில் அதற்கு ஒரு நெருப்பு இருக்கும், வேறு ஊருக்குப் போகும்போது அந்த நெருப்பு தணியலாம், அங்கே எதிர்ப்பைச் சந்திக்கலாம், உருமாறி உட்காரலாம் என்றார். பொதுவாக அது சரிதான். ஆனால் என் கவனமெல்லாம் சுமந்தவர்கள் மேல்தான்.

முதலில் ஆங்கிலம். போலந்திலோ தைவானிலோ டெல்லியிலோ ஆய்வு செய்கிறவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருப்பதில்லை, ஆங்கிலத்திலேயே படித்துவிடுகிறார். அமெரிக்காவில் பட்டம் வாங்கித் திரும்புகிறவர் பாடத்திட்டத்தோடு திரும்புகிறார். மொழிபெயர்ப்பு அதற்குப் பின்னால் மெதுவாக வருகிறது. பாலினம் பற்றி ஜூடித் பட்லர் எழுதிய 1990ஆம் ஆண்டு நூல் ஜெர்மனில் அடுத்த ஆண்டே வந்துவிட்டது. பிரெஞ்சில் 2005 ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்களான ஃபூக்கோவையும் லக்கானையும் வைத்துக் கட்டிய நூலுக்குப் பிரான்சில் பதினைந்து வருடக் காத்திருப்பு! அடையாள அரசியல் எல்லாம் அமெரிக்க வியாதி என்ற சந்தேகம் அங்கே அவ்வளவு ஆழம். எடல்மன் ஸ்பானிய மொழியில் 2014இல் வந்தார், பிரெஞ்சில் 2016இல். முன்யோஸ் ஸ்பானியத்தில் 2020, பிரெஞ்சில் 2021. எல்லா மொழிக்கும் நூல்கள் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை.

கலைக்கூடம் இன்னொரு வழி. ஆய்விதழை எட்டிப் பார்க்காதவர்களும் ஓவியக் கண்காட்சிக்குப் போவார்கள். பெர்லினில் இயங்கும் பொலின் பௌத்ரி, ரெனாட்டே லொரென்ஸ் என்ற இருவர், பழைய காலத்து உடையையும் உடல்மொழியையும் இன்றைய உடம்பில் போட்டுப் பார்ப்பது பற்றிய ஃப்ரீமனின் கருத்தைத் தங்கள் வேலையின் பெயராகவே வைத்துக்கொண்டார்கள். 2019 வெனிஸ் கலைக் கண்காட்சியில் சுவிஸ் அரங்கம் அவர்களுடையது. காணொளியில் நடனக் கலைஞர்கள் முன்னும் பின்னுமாக நகர்வார்கள், எது முன், எது பின் என்று பார்ப்பவருக்குக் குழம்பும். குர்து பெண் போராளிகள் பனிமலையில் செருப்பை முன்பின்னாக மாற்றிப் போட்டு நடந்த உத்தியிலிருந்து அது பிறந்ததாகக் கலைஞர்கள் சொன்னார்கள். தடத்தைப் பார்த்துத் துரத்துகிறவர் எதிர்த்திசையில் போவார், போராளி உயிர் பிழைப்பார். நூறு பக்கக் கட்டுரை படித்தவருக்கும் மனத்தில் நிற்கப்போவது அந்தச் செருப்புதான்.

போலந்தைப் பற்றி அடிக்கடி பேசுகிறீர்களே, ஏன்?

இந்தக் கோட்பாடு ஊர்விட்டு ஊர் போகும்போது என்ன ஆகிறது என்பது அங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது. யோவன்னா மிஜெலின்ஸ்கா, ராபர்ட் குல்பா இருவரும் 2011இல் மத்திய, கிழக்கு ஐரோப்பாவைப் பற்றி ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். அவர்கள் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கதை படிப்படியாகச் சொல்லப்படுகிறது. 1950களில் அடக்கமான சங்கங்கள், 1969இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் காவல்துறையை எதிர்த்த கிளர்ச்சி, பிறகு விடுதலை இயக்கம், பிறகு எய்ட்ஸ், 1990இல் குயர். ஒவ்வொன்றும் முந்தியதோடு சண்டை போட்டுப் பிறந்தது. போலந்தில் 1989இல் கம்யூனிச ஆட்சி விழுந்தபோது இவை எல்லாம் ஒரே பேருந்தில் வந்து இறங்கின. 'நாங்களும் உங்களைப் போன்றவர்கள்தான்' என்று சொல்லும் இயக்கமும், 'உங்களைப் போல இருக்க எங்களுக்கு விருப்பமில்லை' என்று சொல்லும் கோட்பாடும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். 2003இல் அங்கே முப்பது ஜோடிகள் கைகோத்து நிற்கும் புகைப்படங்களை வீதிப் பலகைகளில் வைத்து ஓர் இயக்கம் நடந்தது. குளிர்காலத்துத் தெரு, கனத்த மேலங்கி, கைகள் மட்டும் கோத்திருக்கும். அவ்வளவுதான், ஆனால் நாடே கொதித்தது. அமெரிக்கக் கணக்கில் அது பழைய பாணி அடையாள அரசியல், குயர் கோட்பாடு தாண்டிவந்த கட்டம். கைகோத்து நின்றதே தெருவை உலுக்கிய ஊரில் அதற்கு அந்தப் பெயர் பொருந்துமா? ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை நேரமும், எல்லாம் ஒன்றாக வந்திறங்கும் ஒருங்கு நேரமும் வேறு என்று அவர்கள் சொன்னது இதைத்தான்.

அதோடு, 'போலந்து பின்தங்கி இருக்கிறது' என்ற பேச்சையும் எடுத்துப் பாருங்கள். தன்பால் உறவைக் குற்றமாக்கும் சட்டம் போலந்தில் 1932இலேயே போய்விட்டது. இங்கிலாந்தில் போனது 1967இல். அமெரிக்கா முழுவதும் போனது 2003இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால். இதில் யார் யாருக்குப் பின்னால்? நம்மூரிலும் இப்படித்தான். 1860இல் பிரிட்டிஷார் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவை எழுதிக்கொடுத்தார்கள், 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதிலிருந்து மனமொத்த உறவை விடுவித்தபோது, இந்தியா கடைசியில் மேற்கை எட்டிப் பிடித்துவிட்டது என்பது போலப் பேசினார்கள். சட்டத்தைப் போட்டவரே ஓட்டத்தில் முந்தியவராகவும் ஆகிவிட்டார்! இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆனால் போலந்துக் கதை இங்கே முடியவில்லை. எல்லாம் 1989இல் ஒரே நாளில் வந்தன என்பதும் முழு உண்மை இல்லை என்று வுகாஷ் ஷூல்ட்ஸ் 2018இல் வந்த நூலில் காட்டினார். கதான்ஸ்க் நகரில் 1986இலேயே ஃபிலோ என்ற கையடக்கப் பத்திரிகை நகலெடுக்கப்பட்டுக் கைமாறியது. வியன்னாவிலிருந்த ஓர் அமைப்பு 1980களில் கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் தகவல்களைத் திரட்டிச் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தது. 1985 நவம்பரில் போலந்துக் காவல்துறை 'ஹயசின்த்' என்ற பூவின் பெயரில் ஒரு நடவடிக்கை தொடங்கி, சுமார் 11,000 பேர் மேல் கோப்பு திறந்தது. யாருமே இல்லாத வெற்றிடத்தில் 11,000 கோப்பு எப்படி வரும்? இரும்புத்திரைக்குப் பின்னால் காலம் உறைந்து நின்றது என்பது மேற்கு சொன்ன கதை. அதைக் கண்டித்த கோட்பாட்டாளர்களும் பாதி நம்பிவிட்டார்கள் என்பதுதான் இதில் கற்க வேண்டியது.

இது இயற்பியல் சொல்லும் காலத்தோடு தொடர்புடையதா?

இல்லை. ஐன்ஸ்டைனை இழுக்க வேண்டியதில்லை. சமூகம் நாட்களையும் வயதையும் எப்படி அடுக்குகிறது என்பதே பேச்சு.

'குயர்' என்ற சொல்லை மற்ற மொழிகள் எப்படி எடுத்துக்கொண்டன?

இங்கேதான் நான் நாள்கணக்கில் உட்கார்ந்துவிடுவேன். ஆங்கிலத்தில் அது வசைச்சொல், வசவு வாங்கியவர்களே அதைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். வேறு மொழிக்குப் போகும்போது அந்த வசவு போய்விடுகிறது, கூடவே அந்தக் காயமும். பதிலுக்கு வேறு ஏதோ ஒட்டிக்கொள்கிறது.

தைவானில் 1987இல் ராணுவச் சட்டம் நீங்கிய பின் வந்த துடிப்பான சிற்றிதழ்களில் ஒன்று, 1994 ஜனவரியில் குயருக்கென்று ஒரு சிறப்பிதழ் போட்டது. அதிலிருந்து 'கு-அர்' என்ற ஒலிபெயர்ப்பு பரவியது. சீன எழுத்தில் அதன் பொருள், ஏறக்குறைய 'கெத்தான பிள்ளை'. கவனியுங்கள், அந்தச் சொல்லுக்குள் பிள்ளை என்ற எழுத்து இருக்கிறது. பத்து வருடம் கழித்து எடல்மன் எதிர்காலத்தின் சின்னமான குழந்தையை எதிர்த்து நூல் எழுதினார், சீனத்தில் அவர் நிற்கும் பக்கத்தின் பெயரிலேயே ஒரு குழந்தை.

அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது 'தோங்ஜ்', தோழர் என்று பொருள். ஹாங்காங்கைச் சேர்ந்த எட்வர்ட் லாம் 1989இல் ஒரு திரைப்பட விழாவுக்கு இந்தச் சொல்லை வைத்தார். கம்யூனிஸ்டுகளுக்கு முன்பே, சீனக் குடியரசை நிறுவிய சன் யாட்-சென்னோடு சேர்ந்தே நினைக்கப்படும் சொல் அது: புரட்சி இன்னும் வெற்றி பெறவில்லை, தோழர்கள் தொடர்ந்து பாடுபட வேண்டும். 'இன்னும் இல்லை' என்பது அந்தச் சொல்லின் பின்னணியிலேயே ஒலிக்கிறது. முன்யோஸ் ப்ளோக்கிடம் தேடி எடுத்தது சீன வாசகருக்குத் தெருச்சொல்லிலேயே கேட்டிருக்கும்.

ஸ்பானிய மொழியில் சிலர் வேண்டுமென்றே உச்சரிப்புப்படி எழுத்தை மாற்றி எழுதுகிறார்கள், அமெரிக்கச் சொல்லுக்குத் தென்னமெரிக்க உடம்பு கொடுக்க. ஜெர்மனில் ஏறக்குறைய அதே ஒலியில் 'குறுக்காக' என்று பொருள்படும் சொந்தச் சொல் ஏற்கெனவே உண்டு.

தமிழில் 'குயர்' என்றே எழுதுகிறோம், 'பால்புதுமையினர்' என்றும் சொல்கிறோம். அந்தச் சொல்லில் புதுமை இருக்கிறது. இனிய சொல்தான், வசவில்லாத சொல். ஆனால் அது ஒரு காலக்கணக்கையும் சேர்த்தே சொல்கிறது: இவர்கள் புதியவர்கள், இப்போதுதான் வந்தவர்கள் என்று. 'இதெல்லாம் இப்ப வந்த பழக்கம்' என்று வீட்டில் சொல்கிறவரும் இதையேதான் சொல்கிறார். சொல்லை மாற்றச் சொல்லவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் ஒரு வழக்கில் வழிகாட்டுதல்கள் தந்து, அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது பெரிய காரியம். ஊடகங்கள் எழுதிய கொச்சைச் சொற்களை நினைத்தால், புதுமை என்பது எவ்வளவோ மேல். ஆனால் சொல்லும்போதெல்லாம் அந்தப் புதுமையைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து, தமிழிலிருந்து வந்தவற்றுக்கு அங்கே என்ன மதிப்பு?

அஞ்சலி அரோண்டேகரும் கீதா பட்டேலும் 2016இல் அதே ஜிஎல்க்யூ இதழில் ஒரு சிறப்பிதழ் தொகுத்தார்கள். கோட்பாட்டை அமெரிக்காவும் ஐரோப்பாவும் தருவது, ஆசியாவும் ஆப்பிரிக்காவும் எடுத்துக்காட்டு தருவது என்ற பங்கீட்டை அவர்கள் உடைக்கப் பார்த்தார்கள். மானுடவியலில் இதே குறையை யோஹான்னஸ் ஃபாபியன் 1983இல் சொல்லிவிட்டார். ஆய்வாளர் அந்த மக்களோடு ஒரே நாளில் ஒரே பானையில் சாப்பிடுகிறார், ஊர் திரும்பி எழுதும்போது மட்டும் அவர்களை வேறொரு பழைய காலத்தில் வைத்துவிடுகிறார்.

தமிழ்நாட்டிடம் கேட்கப்படும் எடுத்துக்காட்டு கூவாகம். அரவானுக்குத் தாலி கட்டி, ஒரே இரவில் மனைவியாகி, மறுநாள் தாலி அறுப்பது. ஒரு வாழ்நாள் கல்யாணம் ஓர் இரவில் முடிகிறது என்பதால் காலக் கோட்பாட்டுக்கு அப்படியே பொருந்துகிறது, படமும் நன்றாக விழுகிறது. வருடத்தின் மற்ற நாட்களை யாரும் கேட்பதில்லை. திருநங்கைகள் சேர்ந்து வாழும் அமைப்பான ஜமாத்தில் அம்மா, மகள், பாட்டி என்ற உறவுமுறை இருக்கிறது. யார் முதலில் பிறந்தார் என்பதை வைத்து இல்லை, யார் யாரை ஏற்றுக்கொண்டார் என்பதை வைத்து. அம்மாவைவிட வயதில் மூத்த மகள் இருக்கலாம். தலைமுறை என்பதே வேறு கணக்கில் ஓடுகிறது, பல தலைமுறையாக. இதற்குள் ஒரு முழுக் கோட்பாடே இருக்கிறது. அதை எடுத்துக்காட்டாக மட்டும் மேசையில் வைப்பது அநியாயம் என்று நினைக்கிறேன்.

முனைவர் பட்ட ஆய்வில் இதைப் பயன்படுத்த விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

எங்கள் வட்டத்துக்கு வந்த ஒரு மாணவியின் ஆய்வேட்டில் முதல் இயல் அறுபது பக்கம், முழுக்க அமெரிக்கக் கோட்பாடு. இரண்டாம் இயலின் தலைப்பு 'தமிழ்ச் சூழல்'. நெறியாளர் அப்படித்தான் கேட்டிருக்கிறார். அந்த இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கச் சொன்னோம். தமிழ் முதலில் வந்ததும், அமெரிக்க நூல்களில் பாதி தேவைப்படவில்லை. மீதிப் பாதி அவரோடு உண்மையாகவே பேசத் தொடங்கியது.

இன்னொரு பழக்கமும் உதவும். ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் மூன்று ஆண்டுகள் எழுதுங்கள். அது எழுதப்பட்ட ஆண்டு, உங்கள் கைக்கு வந்த ஆண்டு, அது சொல்கிற விஷயம் உங்கள் ஊரில் நடந்த ஆண்டு. பலமுறை மூன்றாவதுதான் முதலில் இருக்கும். அந்த இடைவெளியில்தான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் எங்கிருந்து தொடங்கலாம்?

நாங்கள் தொடங்கிய இடத்திலிருந்தே. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வயதையும் நேரத்தையும் பற்றி உங்களிடம் மற்றவர்கள் சொன்ன வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள். 'இந்த வயசுல என்ன இதெல்லாம்', 'உனக்குப் பின்னாடி உன்னை யார் பாத்துப்பா', 'போகப் போகச் சரியாயிடும்'. பிறகு ஒவ்வொன்றையும் சொன்னவர் யார், எந்தப் பயத்தில் சொன்னார் என்று பக்கத்தில் எழுதுங்கள். அம்மாக்கள் சொன்னதில் பெரும்பாலும் அன்பும் பயமும் பின்னிக்கிடக்கும், பிரித்து எழுத நேரம் எடுக்கும்.

எங்கள் முதல் கூட்டத்தில் இதைச் செய்தபோது ஒரு திருநங்கைத் தோழி தாளின் மேலே பெயரும் வயதும் எழுதினார். வயது 16 என்று இருந்தது. அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். யாரும் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்: "நிர்வாணம் ஆகிப் பதினாறு வருஷம். அதுக்கு முன்னாடி இருந்ததை நான் எண்ணுறதில்ல." பெண்ணாக மாறும் அறுவையைத் திருநங்கைகள் 'நிர்வாணம்' என்பார்கள். பக்கத்தில் இருந்தவர் தன் தாளில் எழுதியிருந்த வயதை அடித்துவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.